அம்மா அளவுக்கு அமைந்துவிட்ட கார்

அன்புச் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த வீட்டில் நானும் உன் அப்பாவும் சுகம், ஷெட்டில் இருக்கும் மூன்றாவது ஆளும் சுகம், அதற்கு நம்பர் பிளேட்டே வந்துவிட்டது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் போனில் பேசும்போது நடுநடுவே இருமினாய், எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துவிடாதே. அந்த அறை சன்னல் சரியாக மூடவில்லை என்றாயே, வீட்டுக்காரரிடம் சொன்னாயா இல்லையா? சொல்லக் கூச்சப்பட்டு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், போய்க் கேள். இங்கே கடையில் பள்ளிச் சீருடை ஆர்டர் வந்து குவிந்து கிடக்கிறது, என் தையல் மெஷினுக்கும் எனக்கும் மூச்சு விட நேரமில்லை, ஆனாலும் இதை எழுதாமல் எனக்கு ஊசியில் நூல் கோக்க ஓடவில்லை.

காரணம் சொல்கிறேன். நம் வீட்டில் கட்டிய கார் சோதனையில் பாஸ் ஆகிவிட்டது என்று மட்டும்தான் போனில் சொன்னோம். நீ போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் நீ, அப்பா ஓட்டும்போது எப்படி இருந்துச்சு என்று கேட்டாய். உடனே அவர், அதெல்லாம் அம்மா லெட்டர்ல எழுதுவா என்று போனை என் கையில் திணித்துவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி ஷெட்டுக்குப் போய்விட்டார். நானும் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிப்பாய், அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் திருத்துவார், கதை உருப்படாது. அதனால்தான் காகிதம். இப்போது கேள், அன்றைக்குக் காரை ஓட்டியது உன் அப்பா இல்லை, நான்.

சிரித்து முடித்தாயா? சரி, மேலே படி. நீ கல்லூரிக்குப் போன வருஷம் ஷெட்டில் முதல் இரும்புக் குழாயை வெட்டினாரே, அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் குடியிருந்தேனா இல்லை பட்டறையில் வேலைக்கு இருந்தேனா என்று எனக்கே தெரியாது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிற மனுஷன், வீட்டில் துணி துவைக்கிற மெஷின் நின்று போய் மாசக்கணக்காகிறது, நாளைக்கு நாளைக்கு என்கிறார். ஆனால் அந்தக் காருக்கு மட்டும் இன்றைக்கே எல்லாம் நடக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் என்ஜின் கிடைத்தது, சட்டத்தை அவரே வளைத்து வெல்டிங் வைத்தார், வண்டியின் வெளிக்கூட்டுக்கு அச்சு செய்து பைபரில் வார்த்தார், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது, இத்தனை வருஷமும் நான் செய்த வேலை. நான் பாட்டுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், ஷெட்டிலிருந்து குரல் வரும், இந்தா, ஒரு நிமிஷம் வந்து உக்காரு என்று. சட்டத்துக்கு நடுவில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் நான். அவர் கீழே படுத்துக்கொண்டு டேப்பை நீட்டுவார். ஒருத்தர் உட்கார்ந்தால்தானே இன்னொருத்தர் அளக்க முடியும், அவரே உட்கார்ந்து அவரே அளக்க அவருக்கு என்ன நாலு கையா? கால் எட்டுதா என்பார், எட்டலைங்க என்பேன், பெடலைக் கொஞ்சம் இழுத்து வைப்பார். கை எட்டுதா என்பார், கொஞ்சம் எம்பணும் என்பேன், ஸ்டீயரிங்கைக் கிட்டே கொண்டுவருவார். கடைசியில் சீட் உறை தைத்தது நான், உள்ளே வைக்கிற ஸ்பான்ஜை வெட்டியது நான், யார் முதுகுக்கு வெட்டுவேன்? உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து என் முதுகுக்கு வெட்டினேன்.

உனக்குப் புரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் புரியவில்லை, அதுதான் கொடுமை. ஊருக்கெல்லாம் அளவு எடுத்துத் தைக்கிறவள் நான், மில்லி மீட்டர் பிசகினாலும் லிஃப்ட் கதவு மூடாது என்று பாடம் எடுக்கிறவர் அவர். கடையில் சிலர் அளவு கொடுக்க நேரமில்லாமல் பழைய சட்டை ஒன்றை அனுப்புவார்கள், அளவுச் சட்டை என்போம், அதை வைத்துத்தான் துணி வெட்டுவோம். இந்தக் காருக்கு அளவுச் சட்டை நான்தான் என்று ஒருநாள்கூட ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஏதோ பெண்டாட்டி மேல் உள்ள ஆசையில் செய்தார் என்று நினைத்து நீ அங்கே கண் கலங்காதே, சுத்தமான மறதி.

கண்ணாடி பொருத்தி, ஸ்டீயரிங்கை முடுக்கி, எல்லாம் முடிந்தது என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, ஆமாம் தலை வாரிக்கொண்டுதான், ஓட்டுகிற சீட்டில் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட மடிந்தார் என்று சொல்லலாம். உன் அப்பாவின் உயரம் உனக்குத் தெரியும், அந்தப் பாதமும் தெரியும், செருப்புக் கடையில் அவர் சைஸுக்குக் கிடங்கில் போய்த் தேடுவார்கள். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்கின் இரண்டு பக்கமும் முளைத்து நின்றன. ஒரு கால் வைத்தால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்தே அமுங்கின. ஷூவைக் கழற்றினார், அப்போதும் அப்படியே. கூரை இல்லாத வண்டி, தலை முன்கண்ணாடிக்கு மேலே நின்றது, சரி சீட் ஸ்பான்ஜை எடுத்துவிடுவோம் என்று எடுத்தால் கண்ணாடியின் மேல் சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து ரோட்டை மறைத்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள், இவருக்கு எல்லாமே அளவுக்கு மீறி எட்டிவிட்டது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த மாதிரி ஆகிப்போனது அம்மாடி.

சாதாரணக் கார் என்றால் சீட்டைப் பின்னால் தள்ளலாம். இது தரையோடு தரையாகப் போகிற வண்டி. சீட்டுக்கு முதுகில் உடனே பெட்ரோல் டேங்க், பெடலுக்கு முன்னால் உடனே என்ஜின், நடுவில் எனக்கு மட்டும் இடம். அவர் அளவுக்கு மாற்ற வேண்டுமென்றால் சட்டத்தையே அறுத்து நீட்ட வேண்டும், குறைந்தது ஒரு வருஷ வேலை. அந்த ஒரு வருஷம் எங்கே இருக்கிறது? வீட்டில் கட்டிய வண்டிகளை இந்த மாசக் கடைசிக்குப் பிறகு சோதனைக்கே எடுக்கமாட்டார்கள், அரசாங்க விதி மாறிவிட்டது. எங்களுக்குக் கிடைத்த தேதி அடுத்த வாரம். அன்றைக்குப் பாஸ் ஆனால் ரோட்டில் ஓடும், இல்லையென்றால் ஷெட்டுக்குள்ளேயே நிற்கும், காலம் முழுக்க.  உன் அப்பா சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார், எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் உன் பெரியப்பா வந்தார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்கிற மாதிரி அவருக்கு எப்போதும் நல்ல நேரத்தில்தான் வரத் தெரியும். கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரையெல்லாம் லிஃப்ட்ல ஏத்தி இறக்கினவன், தன் வண்டியில ஏற முடியலையாடா தம்பி என்றார். அதோடு விட்டாரா, இதுக்கா இத்தனை வருஷம், பேசாம உன் பொண்டாட்டியவே ஓட்டச் சொல்லு என்றார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. டீ டம்ளரை மேஜையில் வைத்தேன், கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டேன். அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கோபம் இறங்குவதற்குள் எனக்குள் ஒன்று தோன்றிவிட்டது, ஏன் ஓட்டக்கூடாது? நீ குழந்தையாக இருக்கும்போது சீருடைக் கடை வேனை நான்தானே ஓட்டிக்கொண்டிருந்தேன், உன்னைப் பக்கத்தில் கட்டி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவேனே. அந்த வேனை விற்ற பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை என்பது உண்மைதான், ஆனால் லைசென்சை ஒரு தடவைகூடக் காலாவதியாக விட்டதில்லை. நான் ஓட்டுறேன் மாமா, நீங்க வந்து கை தட்டுங்க என்று சொல்லிவிட்டேன்.  உன் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். முந்தின நாளுக்குப் பிறகு அப்போதுதான் நிமிர்ந்தார். போதுமே எனக்கு, வேறென்ன வேண்டும்?

சந்தைக்குப் பின்னால் லாரி நிறுத்துகிற திடலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பழகினோம். விடுமுறை நாளில் அது காலியாகத்தான் கிடக்கும், காவல்காரரிடம் சொல்லி வாங்கிக்கொண்டோம். முதல் நாள் கிளச்சை விட்டால் வண்டி தவளை மாதிரி தாவியது, தாவி நின்றது, மறுபடி தாவி நின்றது. கிளச்ல ஏதோ கோளாறுங்க என்றேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்றார் உன் அப்பா, நான் பதிலுக்கு, கூடத்தையே என் அளவுக்குக் கட்டிட்டு ஆடத் தெரியலைங்கறீங்களா என்றேன், இரண்டு பேரும் அந்த வெயிலில் நின்று சிரித்தோம். அதற்குப் பிறகு வந்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டாய், கையை நீட்டினால் கியர் தானாக உள்ளங்கைக்குள் வருகிறது, காலை நீட்டினால் பெடல் இருக்கிறது, எட்டிப் பார்க்க வேண்டாம், எம்ப வேண்டாம். இத்தனை வயதில் பஸ் இருக்கையிலிருந்து கடை நாற்காலி வரை எதில் உட்கார்ந்தாலும் என் கால் தரையைத் தொட்டதில்லை. உலகத்தில் என் உடம்புக்கென்று அமைந்த பொருள் இது ஒன்றுதான்.

சோதனை நாளன்று வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம், நம்பர் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாதாம். ஆய்வாளர் நல்ல பருமன், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். விளக்கு சரி, ஹாரன் சரி, வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, யார் வெச்சது என்று கேட்டார், உன் அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். கடைசியில் பிரேக் சோதனை. அவரே ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கமாம், சீட்டில் இறங்கப் பார்த்தார், வயிறு ஸ்டீயரிங்கில் முட்டியது, பெருமூச்சு விட்டு வெளியே எழுந்துவிட்டார். வேற யாரு ஓட்டுறது என்றார். நான்தான் சார் என்றேன். தலையில் ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நேர் ரோடு, தூரத்தில் ஒரு கொடி, கொடியைத் தாண்டும்போது பிரேக் போட்டு வெள்ளைக்கோட்டுக்குள் நிறுத்த வேண்டும், இரண்டே வாய்ப்பு.

முதல் தடவை கோட்டைத் தாண்டிவிட்டேன். ஒரு கை நீளம்தான், ஆனாலும் தாண்டியது தாண்டியதுதான். பிரேக்கில் தப்பில்லை, என் காலில்தான். வேன் ஓட்டிய காலத்தில் பின்னால் இஸ்திரி போட்ட சீருடை அடுக்கு அடுக்காக இருக்கும், அழுத்தி மிதித்தால் அத்தனையும் சரிந்து கசங்கிவிடும், அதனால் பூப்போலத்தான் மிதிப்பேன். அந்தப் பழக்கம் காலை விட்டுப் போகவே இல்லை பார். வண்டியைத் திருப்பிக் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் உன் அப்பா நின்றார், நான் செய்த தப்பு என்ன என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அங்கிருந்தே தொண்டை கிழிய, பின்னாடி துணி எதுவும் இல்லடி, மிதி, நான் வெச்ச வெல்டிங் உடையாது, மிதி என்று கத்தினார். அத்தனை பேர் முன்னால் வாடி போடி என்கிறாரே என்று இன்னொரு நாளாக இருந்தால் வீட்டுக்கு வந்து ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர், காற்று காதில் இரைகிறது, கொடி வந்ததும் உன் அப்பா மேலும் பெரியப்பா மேலும் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து மிதித்தேன். வண்டி மூக்கைத் தரையில் குத்தி நின்றது. என் மூக்குக்கண்ணாடி பறந்து மடியில் விழுந்தது. கண் தெரியாமல், கோடு எங்கே, கோடு எங்கே என்று கத்திக்கொண்டிருக்கிறேன், ஆய்வாளர் நடந்து வந்து குனிந்து பார்த்து, கோடு இன்னும் வரவே இல்லைம்மா, நீங்க ரொம்ப முன்னாடியே நின்னுட்டீங்க என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

முத்திரை போடும்போது அவர் சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும். எத்தனையோ வீட்டு வண்டி பார்த்திருக்கேன், ஓட்டுறவங்களுக்கு இவ்வளவு கச்சிதமாப் பொருந்தின வண்டியைப் பார்த்ததில்ல என்றார். உன் அப்பா கொஞ்சமாவது கூசினாரா? பின்ன, அளவு எடுத்துத்தானே சார் கட்டினேன் என்றார். நான் அவர் காலை மிதித்தேன், இந்த முறையும் பூப்போல இல்லை.

வீட்டுக்கு லாரி எதற்கு? அங்கேயே கொடுத்த நம்பரை மாட்டிக்கொண்டு ஓட்டியே வந்தோம். பக்கத்து சீட்டின் முன்னால் பெடலும் இல்லை ஸ்டீயரிங்கும் இல்லை, அதனால் உன் அப்பாவுக்குக் காலை நீட்டிக்கொள்ள இடம் தாராளம். சிக்னலில் நின்றால் பஸ்ஸில் இருப்பவர்களெல்லாம் சன்னலில் தொங்குகிறார்கள், ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வெளியே ஓடி வந்தார். நான் நேராக வீட்டுக்கு வரவில்லை, உன் பெரியப்பா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஹாரனை அடித்தேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் குழாயைத் தன் கால் மேலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்புறம் மெதுவாக வந்து தடவிப் பார்த்து, ஏம்மா, ஒரு ரவுண்டு என்று இழுத்தார். உன் அப்பா இறங்கிக்கொண்டார், தம்பி இடத்தில் அண்ணன் ஏறினார். திருப்பத்தில் கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெதுவாம்மா மெதுவாம்மா என்றாரே தவிர வேறு பேச்சு வரவில்லை. இறங்கும்போது தம்பி தோளில் கை வைத்து, சாதிச்சுட்டடா என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக உன் அப்பா எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று எனக்குத்தான் தெரியும், பெரியவரை அன்றோடு மன்னித்துவிட்டேன்.

ஆனாலும் என் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. கனவு அவருடையது, உழைப்பு அவருடையது, ஓட்டுகிறவள் நானா? அடுத்த நாள் காலையில் ஷெட்டில் அவர் தனியாக நின்று ஓட்டுகிற சீட்டின் மேல் கை வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை. அதான் பாஸ் ஆயிடுச்சே, ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லைங்க, பிரிச்சு உங்க அளவுக்கு மாத்திக்கோங்க என்று சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் சீட் உறையின் தையலையே தடவிக்கொண்டிருந்தேன், உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அவர் வண்டியின் மேல் துணியைப் போர்த்திவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், கிளம்பு, ஏரிக்கரை ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வரலாம் என்றார். போனோம். நல்ல வெயில், ரோடு காலி, ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். அவர் என்ஜின் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கண் ஒவ்வொரு இடமாகப் போகிறது, சக்கரம், கண்ணாடி, ஸ்டீயரிங், என் கை, என் கால். எனக்குப் பயமாகிவிட்டது. ஓரமாக நிறுத்தி, என்னங்க, மனசு கஷ்டமா இருக்கா என்று கேட்டேன். ஏன் நிறுத்தின என்று திட்டினார். அப்புறம் சொன்னார், ஓட்டுறவனுக்கு ரோடு மட்டும்தான்டி தெரியும், நான் செஞ்சது ஒவ்வொண்ணும் எப்படி வேலை செய்யுதுன்னு இங்க உக்காந்தாத்தான் தெரியுது, நானே ஓட்டியிருந்தா இதையெல்லாம் பார்த்திருக்கவே மாட்டேன், பிரிக்கிற பேச்சை இனிமே எடுக்காத என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான். வாழ்க்கை முழுக்க மெதுவாப் போ மெதுவாப் போ என்று என் உயிரை வாங்கின மனுஷன், மூணாவது போட்டு அழுத்து, பார்க்கலாம் என்றார். போட்டேன், அழுத்தினேன். எங்கள் இரண்டு பேரின் சிரிப்புச் சத்தமும் என்ஜின் சத்தத்தை மீறிக் கேட்டது.

அவ்வளவுதான் கதை. உடம்பைப் பார்த்துக்கொள். நான் அனுப்பிய குளிர்கோட்டின் கை நீளமாக இருந்தால் மடித்து விட்டுக்கொள், கத்தரிக்கோலை எடுக்காதே, வந்ததும் நான் சரிசெய்து தருகிறேன். ஆபீசில் யாராவது ஏதாவது சொன்னால் ராத்திரியெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் மறுநாளே முகத்துக்கு நேரே கேட்டுவிடு. எந்தக் கண்ணும் படாமல், எந்த நோயும் அண்டாமல், நினைத்தது கைகூடி, வயிறும் மனசும் நிறைந்து நீ நீடூழி வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

ஒன்று மறக்காதே. லீவுக்கு வரும் தேதியைச் சரியாக எழுது, விமான நிலையத்துக்கு நான் காரோடு வந்து நிற்பேன். இரண்டே சீட், ஓட்ட என் ஒருத்தியால்தான் முடியும், பக்கத்தில் நீ உட்கார வேண்டும். அதனால் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் அப்பா பின்னால் பஸ்ஸில் வருவார். அவரேதான் சொன்னார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா